உடைந்த பூட்டுக்கு நான் போட்ட சொல்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது முப்பத்தொன்று. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் ஆறு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். இந்த விபத்தில் கையை இழந்தவர் என் உடன்பிறந்த அக்கா. அதே ஆலையில் துணி பிழியும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர்.

பழுது அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர்கள் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைத்தான் பார்ப்பார்கள். 'புரோக்கன்', அதாவது உடைந்துவிட்டது, என்று எழுதினால் அன்றே நிறுத்தச் சொல்வார்கள். 'டேமேஜ்டு', அதாவது பழுதாகியிருக்கிறது, என்று எழுதினால் மாதக் கடைசியில் மெக்கானிக் வருவார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பு, காலை பத்து மணியளவில், அக்கா ஈரக் கையோடு என் மேஜைக்கு வந்து, "கதவுப் பூட்டு உடைஞ்சு போச்சுடி. சுத்திக்கிட்டிருக்கும்போதே திறந்துக்குது. உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, நல்லா அழுத்தி எழுது" என்றார். அதன் பிறகு நான் 'புரோக்கன்' என்று தட்டச்சு செய்தேன். அதன் பிறகு மேலாளர் என் பின்னால் வந்து நின்று திரையைப் படித்துவிட்டு, "பார்த்து எழுதும்மா, இந்த வாரம் மிஷின் நிக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொல்லை மாற்றும்படி அவர் கேட்கவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு தருவதாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு நான் அந்தச் சொல்லை அழித்துவிட்டு, தெரிந்தே 'டேமேஜ்டு' என்று எழுதினேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே, பொய் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதன் பிறகு அச்செடுத்த தாளை, இயந்திரத்தை ஓட்டுபவர் கையெழுத்துக்காக அக்காவிடம் நீட்டினேன். அவர் "சரியா எழுதிட்டியா?" என்று கேட்டு, நான் தலையாட்டியதும் படிக்காமலே வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் கதவு திறந்து, அந்தக் கை போனது. மருத்துவமனையில் அக்கா என்னிடம், "நீ எழுதித்தான் குடுத்தே, அவங்கதான் கண்டுக்கல" என்றார். நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன். அதன் மூலையில் எங்கள் ஆலையின் முத்திரை இருந்தது. அன்று முதல் அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

சிறு பழுது என்று அக்காவே கையெழுத்திட்டுக் கொடுத்ததாக இப்போது ஆலையினர் சொல்கிறார்கள். உடைந்துவிட்டது என்றுதான் அவர் சொன்னார்.

இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியபோது, நான் 'தெரிந்தே' என்று சொன்ன இடத்தில் 'கவனக்குறைவாக' என்று விசாரணை அதிகாரி பதிந்திருந்தார். என் மேல் இரக்கப்பட்டிருக்கலாம். அதை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று எழுதும்படி நான்தான் சொன்னேன். திருத்தத்தின் அருகில் கையொப்பமிட்டுள்ளேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை.

ஒப்பம்,
சலவை ஆலை எழுத்தர்