வெயில் வரட்டும், பார்க்கலாம்

வாக்குமூலம் எழுதுவதற்கு முன் ஒரு தேநீர் கிடைத்தால் நல்லது, சார். சர்க்கரை வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. எல்லோரும் நேரமில்லை என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஜன்னல் சார்’ என்று கூப்பிடுவதும் தெரியும். பரவாயில்லை. தெருமுனையில் நின்று பார்த்தால் எங்கள் கட்டட முகப்பில் எல்லாம் ஒரே பழுப்பு ஜன்னல்கள். முழங்கால் உயரத்தில் தொடங்கும் பெரிய ஜன்னல்கள். அழகு கெடுமென்று கம்பி போடக்கூட நான் விட்டதில்லை. அவற்றைப் பார்க்கும்போது வரும் நிம்மதி, பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கூட எனக்கு வந்ததில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரம்மா. கணவருக்கு மூச்சிரைப்பு. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மனிதருக்கு மூச்சே வரும். அந்தச் சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது, புது ஜன்னல் மாட்ட அனுமதி வேண்டும் என்று அந்தம்மா வந்தார். நான் முடியாது என்று சொல்லவே இல்லை. நிறம் பொருந்தினால் போதும் என்றேன்.

நிறம் பார்க்க எனக்கென்று ஒரு முறை உண்டு. புது ஜன்னலின் நிறம் பூசிய மாதிரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பழைய ஜன்னலோடு ஒப்பிடுவேன். அதற்கு நல்ல வெயில் வேண்டும். அந்தம்மா பலகை கொண்டுவந்த அன்று மழை பிடித்துக்கொண்டது.

“சட்டம் ஆடுது சார். கை வெச்சாலே உதிருது. அவர் அதுலதான் சாய்ஞ்சு உக்கார்றார்.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. வெயில் வரட்டும், பாத்துடலாம்.”

“அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?”

மழைக்கு நானா பொறுப்பு? அந்தம்மாவுக்குத்தான் பொறுமையில்லை. சட்டத்தைக் கயிறு போட்டு இழுத்து, உள்ளே கட்டில் காலோடு கட்டிவிட்டார். பளீரென்ற பச்சைக் கயிறு. தெருமுனையிலிருந்து அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வீட்டில் மட்டும் அலுமினிய ஜன்னலா என்று கேட்பீர்கள். அது பின்பக்கம், சார். தெருவுக்குத் தெரியாது.

மழை விட்டதும், அந்தம்மா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து மாடியேறினேன். கணவர்தான் கதவைத் திறந்தார்.

“வாங்க சார், ஜன்னல் பாக்க வந்தீங்களா?” முகமெல்லாம் சிரிப்பு.

ஆமாம் என்றேன். பொய்யில்லையே. எனக்குத் தண்ணீர் எடுத்துவர அவர் சமையலறைக்குப் போனார். தையல் மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது, நல்ல கூர். கயிற்றை அறுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டம் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தது. அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். பாவம், அந்த நாலடி நடந்ததற்கே அவருக்கு இளைத்தது.

“உக்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க” என்று நாற்காலியைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

கயிறு இல்லாமல் சட்டம் தாங்காது என்று எனக்குத் தெரியும். அந்தம்மாதான் சொல்லியிருந்தாரே. கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அனுமதி வாங்காமல் கட்டிய கயிறு, சார். சங்கத்தைப் பொறுத்தவரை அது அங்கே இருக்கவே இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி என்னவென்று எச்சரிப்பது?

தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் சத்தம் கேட்டது. திரும்பினால், ஜன்னலும் அவரும் கீழே. எனக்கும் வருத்தம்தான்.

அப்போது பார்த்து மேகம் விலகி நல்ல வெயில் அடித்தது. மாதிரிப் பலகை பையிலேயே இருந்தது. ஒரு கண்ணை மூடி, பக்கத்து வீட்டு ஜன்னலோடு வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே பழுப்பு.

அதற்குள் அந்தம்மா வந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நானே சொன்னேன்.

“அனுமதி குடுத்தாச்சும்மா. நாளைக்கே மாத்திக்கலாம்.”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சார். ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.