ஆற்றின் மேல் குற்றமில்லை

மாத்தே இலைத் தேநீரில் சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களை நான் குறை சொல்வதில்லை ஐயா. எனக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் எல்லோருமே கசப்பாகத்தான் குடிப்போம். உங்கள் காவலர் நல்ல மனசோடு ஊற்றிக் கொடுத்தார், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொள்கிறேன், சூடாவது கிடைக்கட்டும்.

மூன்று வருடம் கழித்து, யாரும் கூப்பிடாமல், நீயாக ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஓர் ஆற்றின் பெயர் அநியாயமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கராஞ்சோ ஆற்றை நீங்கள் பாலத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே, மலையை ஒட்டி, எங்கள் அப்பா ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு வாரம் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு அவரும் நானும் தங்கை நெலிதாவும் அங்கே கூடாரம் போட்டு, இறகால் செய்த போலி ஈயைக் கட்டிய தூண்டிலில் டிரவுட் மீன் பிடிப்போம். அப்பா போன பிறகு கடை எனக்கு வந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். மார்ச்சில் அந்த ஒரு வாரம் இருந்தால் மீதி வருடத்தை நான் எப்படியும் தள்ளிவிடுவேன்.

எங்கள் வீட்டில் மீனைக் கொல்லும் வழக்கம் கிடையாது. பிடித்ததைத் திருப்பி விடுவோம். விடுவதென்றால் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதில்லை. வயிற்றின் கீழ் கை கொடுத்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, அதற்கு மூச்சு திரும்பும் வரை பிடித்திருக்க வேண்டும். அதுவாக வாலை அடித்துக் கையைவிட்டுப் போக வேண்டும். பாதியில் விட்டால் கவிழ்ந்து செத்துப்போகும். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அப்பாவின் சாம்பலை அக்கரை வளைவில்தான் கரைத்தோம். அதனால் கடைசி நாள் காலை, கிளம்புவதற்கு முன், யாராவது ஒருவர் ஆற்றைக் கடந்து போய், கொக்கி வெட்டிய ஈயை அந்த மடுவில் ஒரு தடவை வீசிவிட்டு வர வேண்டும். அது அப்பாவுக்கான வீச்சு.

கடக்கும் துறையில் ஒரு கல் இருக்கிறது. அப்பா சுண்ணாம்பு அடித்துக் கரையில் வைத்த வெள்ளைக் கல். கல்லின் அடி காய்ந்திருந்தால் இறங்கலாம். நனைந்திருந்தால் அன்றைக்கு ஆற்றில் கால் வைக்கக் கூடாது. நானும் நெலிதாவும் அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவர்கள். கல்லைப் பார்ப்போம், இருந்தாலும் இரண்டடி வைத்துக் காலால் ஒரு தடவை சோதித்துக்கொள்வோம். ஃபப்ரீசியோ அப்படி இல்லை.

ஃபப்ரீசியோ என் தங்கை புருஷன். ரொசாரியோ நகரத்தில் பிறந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக வந்தவர். முதல் வருடம் தூண்டில் கோலில் எது நுனி, எது அடி என்று தெரியாது. பிறகு எங்கள் எல்லோரையும்விட அழகாக வீசக் கற்றுக்கொண்டார். வெளியிலிருந்து வந்தவர் இல்லையா, எங்கள் வழக்கங்களை எங்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார். கல்லுக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கவே மாட்டார்.

"மாதா கோயில்லகூட இவ்வளவு பக்தியா நின்னு நான் பாத்ததில்ல," என்று நெலிதா சீண்டுவாள்.

"உங்கப்பா வெச்ச கல்லுடி இது. உன்னகூட எதுத்துப் பேசிருவேன், கல்ல எதுத்துப் பேசமாட்டேன்."

"என்னை எதுத்துப் பேசுவீங்களா? எங்க, பேசுங்க பாக்கலாம்."

அவர் கையெடுத்துக் கும்பிடுவார். அவர்கள் மகள் ரோமினா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும்தான். அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை ஐயா. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மார்ச்சில், ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஆட்டு விலாவை நெருப்பில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நெலிதாதான் பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, கோவிச்சுக்காத. நாங்க ரொசாரியோ போறோம். இவருக்கு அங்க வேல கெடச்சிருக்கு. ரோமினாவுக்கும் படிக்க வசதி."

"சரி. அப்ப மார்ச்?"

"பாக்கலாம்ணா. அவ்வளவு தூரத்துலேர்ந்து வருஷா வருஷம் எப்படி முடியும்?"

"அப்பா இங்கதானே இருக்காரு நெலிதா."

"அப்பா போயி பதினஞ்சு வருஷம் ஆச்சு. அவரு ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாரு." என் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். "சாப்பிடு, ஆறிடும்."

சாப்பிட்டேன். என்னோடு சேர்ந்து ஒருவரும் வராத மார்ச் எப்படி இருக்கும் என்று எனக்கு யோசிக்கவே தெரியவில்லை.

ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை, அதையும் பார்க்க வேண்டும். இத்தனை காலம் அவளை அந்த ஆற்றுக்கு வர வைத்தது அப்பா. பதினைந்து வருடத்தில் அவர் பலம் குறைந்துவிட்டது. நான் மருந்துக்கடைக்காரன். மருந்து வீரியம் இழந்துவிட்டால் அதைத் திட்டிப் பயனில்லை, புதிதாகக் கொடுக்க வேண்டும். தன் ஆள் ஒருவர் இருக்கும் ஆற்றை எந்தக் குடும்பமும் விட்டுவிட்டுப் போகாது. மற்றபடி யோசிக்க அதிகம் இல்லை. நெலிதாவுக்காகத்தான் இதெல்லாம். ரோமினா குழந்தை. மிச்சம் இருந்தது ஃபப்ரீசியோ.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடாரத்தில் கண்ணயர்ந்தார்கள். மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அங்கே மழை பெய்தால் மறுநாள் காலை இங்கே தண்ணீர் ஏறும், எங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். நான் துறைக்குப் போய்க் கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, கரையில் மேலாக நாலு எட்டு தள்ளி வைத்தேன். பழைய குழியில் கூழாங்கல்லைப் போட்டு நிரவினேன். முதுகு பிடித்துக்கொண்டது. நெலிதா கேட்டதற்கு விறகு தூக்கினேன் என்றேன், அவளே தைலம் தேய்த்துவிட்டாள்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் யாரையும் தள்ளவில்லை. இடம் மாறிய கல் அதை முழுசாக நம்புகிறவரைத் தவிர வேறு யாரையும் ஒன்றும் செய்யாது. நெலிதா இறங்கியிருந்தால் இரண்டாவது எட்டிலேயே திரும்பியிருப்பாள்.

காலையில் அப்பாவுக்கான வீச்சு என் முறை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகத்தான் கேட்டார்.

"மச்சான், இந்தத் தடவ நான் வீசிட்டு வரட்டுமா? ஊர விட்டுப் போறோம்னு மாமாகிட்ட நானே சொல்லிட்டு வந்துர்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. நெலிதாவும் ரோமினாவும் கூடாரத்தில் மாவு பிசைந்து பொரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் துறைக்கு இறங்கினோம். ஆறு தேநீர் நிறத்தில் ஓடியது.

"தண்ணி நெறம் மாறியிருக்கே மச்சான்."

"ஆமா."

"சத்தமும் கூட இருக்கற மாதிரி..."

"கல்லு என்ன சொல்லுது மாப்ள?"

அவர் போய்க் குனிந்து, விரலால் கல்லின் அடியைத் தடவிப் பார்த்தார். "காஞ்சுதான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

சிரித்தார். தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். நெஞ்சுவரை வரும் ரப்பர் கால்சட்டையின் இடுப்புப் பட்டை தளர்ந்திருந்தது. விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து ஆளை எழவிடாது. நானே அதை இழுத்து இறுக்கிவிட்டேன். அவர் சாக வேண்டும் என்று நினைப்பவன் அதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.

நான் இக்கரையிலேயே கொஞ்சம் கீழே, பாறைக்கு அந்தப் பக்கம் போய் வீச ஆரம்பித்தேன். கலங்கல் தண்ணீரில் எதுவும் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு பழுப்பு டிரவுட் வந்து மாட்டியது. என் ஆயுசில் அவ்வளவு பெரிதாகப் பிடித்ததில்லை. நெடுநேரம் போராடிக் களைத்திருந்தது. வயிற்றின் கீழ் கை கொடுத்துத் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பாறைக்கு மறுபுறம் "மச்சான்" என்று கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் சின்னதாக.

மீனை அப்போது விட்டிருந்தால் செத்திருக்கும். செவுள் அப்போதுதான் மெதுவாகத் திறந்து மூட ஆரம்பித்திருந்தது. நான் பிடித்திருந்தேன். அது வாலை அடித்துக்கொண்டு தானாகப் போனது. பிறகு துறைக்குப் போனேன். அவர் தொப்பி மட்டும் ஒரு கிளையில் மாட்டியிருந்தது. கல்லைத் தூக்கித் தண்ணீருக்குள் பழைய இடத்திலேயே வைத்தேன். அதற்குப் பிறகுதான் நெலிதா பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த வரிசையில்தான் நடந்தது.

என் தவறு என்று ஒன்று உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு அவரை வைத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். தேடப் போனவர்கள் பாலத்துக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நெலிதா அவரை இங்கே புதைக்கவில்லை, கரைக்கவில்லை. பெட்டியில் வைத்து ரொசாரியோவுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிட்டது.

மூன்று மார்ச் தனியாகப் போனேன். அவர்களுடைய தூண்டில்களையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். மூன்று கோல்களையும் மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நான் ஒருவன் உட்கார்ந்திருப்பேன். வேதனையாகத்தான் இருந்தது. போன வாரம் ரோமினாவுக்குப் போன் போட்டு, வரும் மார்ச்சிலாவது வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"மாமா, அம்மா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுங்கறா. கல்லு நனஞ்சிருந்தா அப்பா எறங்கியிருக்கவே மாட்டாரு. எறங்கினப்புறம்தான் தண்ணி சொல்லாம கொள்ளாம ஏறியிருக்கு. அது கொலகார ஆறு, அத எப்படி நம்பறதுன்னு அழறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஐயா. கராஞ்சோ அப்படிப்பட்ட ஆறே இல்லை. சொல்லாமல் ஏறாது. முதல் நாளே வானத்தில் காட்டும், காலையில் நிறத்தில் காட்டும், சத்தத்தில் காட்டும். அவ்வளவு நேர்மையான ஆற்றைப் போய் அவள் சந்தேகப்படுகிறாள். இத்தனை வருடம் எங்களைத் தாங்கிய ஆறு, எவ்வளவு வேதனைப்படும்.

அதனால்தான் வந்தேன். நெலிதாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், நான் சொன்னால் அழுவாள். ஆறு ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் அண்ணன் செய்ததுதான் என்று சொல்லுங்கள். கல்லை அப்பா வைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன், ஒரு விரல்கூட விலகவில்லை என்றும் சொல்லுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் அவளுக்குப் பயம் போய்விடும். பிறகு வராமல் இருக்க என்ன இருக்கிறது? அவளுடைய ரப்பர் கால்சட்டையில் ஓர் ஓட்டை இருந்தது, ஒட்டி வைத்திருக்கிறேன். ரோமினாவுக்குப் புது ஈக்கள் கட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் அந்த ஒரு வாரம் மட்டும் என்னை வெளியே விட வழி இருந்தால் பாருங்கள். கூடாரத்துக் கயிறு கட்ட நெலிதாவுக்கு இன்னும் வராது.