நாற்பது வரி

தொட்டியத்தில் ராசப்பன் ஐயா வீட்டு வாழைப்பூ வடை மிக நன்றாக இருக்கும். போன தடவை ஐந்து சாப்பிட்டேன். அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் பெயர் ரெஜிஸ். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். போன்களுக்கு ஆப் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி; மொத்தம் எட்டுப் பேர். ராசப்பன் ஐயாவின் மகன் பாலுதான் எங்களுக்கு மேலதிகாரி. வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். அவசரக்காரன். தான் சொன்னதற்கு மேல் பேச்சு கிடையாது என்ற நினைப்பு வேறு.

தொட்டியத்து வாழை விவசாயிகள் சேர்ந்து எங்களிடம் ஒரு ஆப் கேட்டார்கள். ஆற்றுக்கு நடுவே திட்டுகளில் வாழை போட்டிருப்பவர்கள். ராசப்பன் ஐயாவும் அவர்களில் ஒருவர். மேலே கதவணையைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் திட்டைச் சூழ்ந்துவிடும். திறக்கும்போது அவர்கள் ஆள் செல்லக்கண்ணு எல்லோருக்கும் மெசேஜ் அனுப்புவார். ஆப் அதைப் படித்து, போன் வைத்திருப்பவர் எந்தத் திட்டில் இருக்கிறார் என்று தேடிப் பார்த்து, சைரன் மாதிரி அலற வேண்டும். இவ்வளவுதான் வேலை.

இதில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. மெசேஜ் வந்ததும் போன் ஆப்பை எழுப்பிவிடும். ஆனால் பத்து நொடிதான் பொறுக்கும். வாசலில் தபால் வாங்குகிறவன் அங்கேயே நின்று பிரித்துப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. வாங்கியதை உள்ளே கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்ட வேண்டும். படிப்பது, இடம் தேடுவது, அலறுவது எல்லாம் உள்ளே தனியாக நடக்க வேண்டும். அப்படித்தான் எழுதினேன். நாற்பது வரி வந்தது.

பாலு அதைப் பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் போட்டான்.

"ஏன்டா ரெஜிஸ், நாலு வரியில முடியுற வேலைக்கு இவ்வளவு நீளமா? உக்காந்து கதையா எழுதுற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் நாற்பதையும் அழித்துவிட்டு, வாசலிலேயே பிரித்துப் படிக்கிற மாதிரி நான்கு வரி எழுதினான். ஒற்றை மெசேஜ் வந்தால் அது ஒழுங்காக ஓடும். மூன்று நான்கு அடுத்தடுத்து வந்தால், இடம் தேடி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். போன் பொறுமை இழந்து ஆப்பையே மூடிவிடும். அலறல் வராது. சோதிக்கும் பொறுப்பு என்னுடையது. மெசேஜ்களை ஒவ்வொன்றாக, நடுவில் டீ குடித்துவிட்டு வந்து அனுப்பிச் சோதித்தேன். எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

என்னைத் தொட்டியத்துக்கு அனுப்பியதும் பாலுதான்.

"எங்கப்பாவுக்கு இதெல்லாம் ஓடாது. நீயே போன்ல போட்டுக் குடுத்துட்டு வந்துடுடா."

வடை சாப்பிட்டது அன்றைக்குத்தான். ஐயா போனை என் கையில் கொடுத்து, "விளம்பர மெசேஜ் ஓயாம டிங் டிங்குங்குது தம்பி. அத நிறுத்த முடியுங்களா?" என்றார். நிறுத்திக் கொடுத்தேன். அவராகக் கேட்டது. அதன் பிறகு எந்த மெசேஜ் வந்தாலும் அந்தப் போனில் சத்தம் இருக்காது. ஆப் அலறினால்தான் உண்டு. செல்லக்கண்ணு வழக்கமாக ஐயாவுக்குத் தனியாகப் போனும் பண்ணுவாராம். "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாங்க, ஆப் பாத்துக்கும்" என்று அவரிடம் சொன்னது நான். கிளம்பும்போது ஐயா ஒரு சீப்பு பூவன் பழம் கொடுத்தார்.

ஆடி மாதம், வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கதவணை திறந்தது. தண்ணீர் கூடக் கூட, செல்லக்கண்ணு பதறிப்போய் நான்கு மெசேஜ்களை ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பினார். பயந்தவர்கள் அப்படித்தான் அனுப்புவார்கள். அது நான் எதிர்பார்த்ததுதான். ஆப் வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்றுப் பதினோரு பேர் கரையேறிவிட்டார்கள். ஐயா மட்டும் திட்டில் வாழைக்குப் பக்கக்கன்று அறுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் முக்கொம்பில் கிடைத்தார்.

சாவு வீட்டில் பாலு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"பழைய போனுடா ரெஜிஸ். புதுசு வாங்கிக் குடுக்கணும்னு இருந்தேன். விட்டுட்டேன்டா."

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அப்பா போன பிறகும் தன் நான்கு வரியின் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. போனின் மேல் பழியைப் போடுகிறான். ஒரு நாள் உட்கார்ந்து திறந்து பார்ப்பான் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். பார்க்கவில்லை. நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்து நிற்பதற்கு அதுதான் காரணம். அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

மற்ற இருநூற்றுப் பதினோரு பேர் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தொட்டியத்திலிருந்து திரும்பிய மறுநாளே அத்தனை பேர் போனுக்கும் என் நாற்பது வரியைத் திரும்பச் சேர்த்து அப்டேட்டாக அனுப்பிவிட்டேன். பாலுவுக்குத் தெரியாது. ஐயாவின் போனுக்கு மட்டும் அனுப்பவில்லை. மகன் எழுதியது, மகன் எழுதியபடியே அவரிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐயாவின் போனை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், சார். அந்தப் போனில் நான் எழுதியது ஒரு வரிகூட இல்லை.