இருமல்: மேற்படி

மதிப்பிற்குரிய மீனலோசனி அவர்களுக்கு,

அன்று மாலை தீவிர சிகிச்சை அறையில் இருந்தவர்கள்: கட்டிலின் இடப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள். கால்மாட்டில் ஸ்டூலில் உங்கள் கொழுந்தனார் ராகேஷ். நர்ஸுக்கு நாற்காலி கிடையாது, நான் நின்றேன். கட்டிலில் உங்கள் கணவர் கோகுல்நாத். அவரையும் இருந்தவர்களில்தான் சேர்த்திருக்கிறேன்.

வண்டியூர் விபத்து நடந்து மூன்றாம் நாள். மூளைச்சாவுக்கான முதல் சோதனை பகல் பன்னிரண்டுக்கு முடிந்திருந்தது. ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது. நடுவில் மணிக்கொரு தரம் கண்மணி சுருங்குகிறதா, இருமல் வருகிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை; ஒன்று வந்தாலும் மூளை இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். திருமங்கலத்துப் பள்ளியில் கடிதப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான்; ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் கை கூசும். 'இல்லை' என்று ஒருமுறை எழுதி, கீழே 'மேற்படி' போடுவேன். அன்று கை ஓடிய ஓட்டத்தில் ஆறு மணி வரைக்கும் முன்கூட்டியே போட்டுவிட்டேன்.

நாலரைக்குச் சளி உறிஞ்சக் குழாயை இறக்கினேன். அவர் இருமினார்.

"அக்கா, இவரு இருமுனாருல்ல?" என்று எழுந்தீர்கள்.

"அது மெஷின் சத்தம்மா."

நீங்கள் ராகேஷிடம் உங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னீர்கள். ஒரு சொல் புரியாவிட்டாலும் ஆமோதிப்பதுபோல் தலையாட்டினேன். உட்கார்ந்துவிட்டீர்கள்.

அப்போதே சொல்லியிருந்தால் சோதனை நின்றிருக்கும். ஆனால் மேற்படிகளை அடிக்க வேண்டும். பார்க்காமலே எழுதினாயா என்று டாக்டர் சந்தானம் கேட்பார். கேட்டால் முகம் சிவந்துவிடும் எனக்கு. அம்புட்டுத்தான் காரணம், பெரிதாக ஒன்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

ஆறு மணிக்கு டாக்டர் என்னையே குழாயை இறக்கச் சொன்னார். நாலு விரற்கடை குறைத்து இறக்கினேன். இருமல் வரவில்லை. "சார்ட்ட நீட்டா வச்சிருக்கம்மா" என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆறரைக்கு உறுப்பு தானத் தாளில் கையெழுத்திட்டீர்கள். பேனா என்னுடையது.

மெஷினை நிறுத்திப் பார்த்த மூச்சுச் சோதனையில் அவருக்குத் தானாக மூச்சு வரவில்லை, எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாலு பேர் பிழைத்தார்கள் என்றும். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சான்றிதழில் நேரம் ஆறு பத்து. அவர் இறந்தது மறுநாள் காலை, ஆபரேஷன் தியேட்டரில். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனவள் நான்.

பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். என் மனசு தெளிந்துவிட்டது. தல்லாகுளத்தில் தபால் எடுக்குமுன் ஒட்டிப் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெ. தாமரைச்செல்வி