கோவாவுக்கு வைத்த சாயத்தண்ணி

ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் கூடையோடு ஒரு அக்கா, அவருக்குப் பின்னால் ஒரு இளம்பெண், அவள் புருஷன், கடைசியில் நான்.

“கோவாப் புழுவுக்கு வச்ச மருந்த இவரு குடிச்சிட்டாரு அக்கா,” என்றாள் அந்தப் பெண். கோவா என்றால் அங்கே முட்டைக்கோஸ்.

“ஐயோ! என்ன மருந்து?”

“பொயில ஊறுன தண்ணியில சவுக்காரம் கரைச்சு வச்சிருந்தேன். மலையில வேலை முடிஞ்சு வந்தவரு, பாலில்லாத தேயிலச் சாயத்தண்ணின்னு வாயில ஊத்திட்டாரு.”

“முழுங்கலைங்க. இவ சீனி போட மறந்துட்டான்னு நெனச்சேன். வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பிட்டேன்,” என்றார் புருஷன்.

“கோவாப் பாத்தியிலயே துப்புனாரு. ஒரு செடிக்கு அவரே மருந்தடிச்சிட்டாரு.”

அக்கா சிரித்தார்.

“சிரிக்காதீங்க அக்கா. தங்கச்சி கல்யாணச் சாப்பாட்டுக்கு அந்தக் கோவாவத்தான் நம்பியிருக்கோம்.”

“மிச்சத்தத் தெளிச்சியா?”

“தெளிச்சேன். புழுவெல்லாம் சுருண்டு விழுந்துருச்சு. புதுக் குருத்துல ஓட்டையே இல்ல.”

“பந்திக்கு எத்தன வேணும்?”

“முப்பது இருந்தாப் போதும்.”

“எத்தன தேறும்?”

அவள் யோசித்தாள். பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே புருஷன் சொன்னார்:

“முப்பத்தி நாலு. நான் துப்புன செடியையும் சேத்துத்தான் எண்ணுனேன்.”