இருநூறு காலிப்பெட்டி

— கொம்பனிக்காரன் வந்து உம்மட புருஷன்ர வாயைப் பிளந்து சிகரெட்டைச் செருகினவனோ? சொல்லும், நவமணி.

— அப்படிச் செய்யலங்கய்யா.

— நெருப்புக்குச்சி கிழிச்சுக் குடுத்தவனோ?

— இல்லீங்க.

— பிறகென்ன? முப்பது வருசம் தன்ர கையால பத்தவைச்சு, தன்ர வாயால இழுத்து, தன்ர நெஞ்சைப் புண்ணாக்கிச் செத்துப்போன பக்கிரிசாமிக்காக, நான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டில நிண்டு அழவேணுமோ?

— சிம்பாங் அம்பாட்டுலேருந்து பஸ் புடிச்சு, ஃபெர்ரி ஏறி வந்திருக்கேன்யா. ஆனந்தராஜா லாயர்தான் ஏழைக்குப் பேசுவாருன்னாங்க. கொஞ்சம் கேளுங்களேன்.

— கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன். உங்கட ஆக்களின்ர புத்தியே இதுதான். குடிச்சு ஈரல் போனால் கள்ளுக்கடைக்காரன் குற்றம், சிகரெட் பத்தி நெஞ்சு போனால் கொம்பனி குற்றம். பெட்டியிலயே அரசாங்கம் எச்சரிக்கை அடிச்சிருக்குதே, வாசிக்கத் தெரியாதோ?

— எம்மக படிச்சே காட்டினாய்யா. 'அவ்வளவு கெட்டதுன்னா கவர்மென்ட்டு விக்க விடுமா?'ன்னு சிரிச்சாரு.

— ஓ, கெட்டிக்காரன்! அப்பிடிப்பட்ட கெட்டிக்காரர் எல்லாம் இப்ப சுடலையிலதான் கிடக்கினம்.

— செத்தவர ஏசாதீங்கய்யா. உங்க மேசையிலயும் சாம்பல் கிண்ணம் இருக்கு.

— அது வாற ஆக்களுக்கு. கதையை மாத்தாதையும். எவ்வளவு காசு எதிர்பாக்கிறீர்?

— காசு யாருக்கு வேணும்? தப்பு கம்பெனி மேலதான்னு ஜட்ஜு வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும்யா. கண்ண மூடிப் படுப்பேன்.

— ஜட்ஜ் என்ன, உமக்குத் தாலாட்டுப் பாடுறவரோ? அந்தப் பையில என்ன?

— ஃபிளாஸ்க்குய்யா. கம்பெனி குடுத்தது. இருநூறு காலிப்பெட்டி சேத்துக் குடுத்தா ஒண்ணு இனாம். இதுலதான் அவருக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனேன்.

— நல்ல சாட்சி! பூப்போட்ட ஃபிளாஸ்க்! அவங்கட லோயர் இதைத் தூக்கிக் காட்டியே உம்மை வாசல்வரைக்கும் கலைச்சுவிடுவான். ஒரேயொரு கேள்விதான் கேப்பான்: அந்த மனுசன் ஒருநாளாவது விடப் பாத்தவரோ?

— விட்டாருய்யா! தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தாரு. நாப்பத்தெட்டு நாள் கையால தொடல. விரதம் முடிச்ச அன்னிக்கும், 'இனிமே இந்தச் சனியனே வேணாம் நவமணி'ன்னாரு.

— பாத்தீரோ? உம்மட வழக்கை நீரே தோக்கடிச்சுப்போட்டீர். விடத் தெரிஞ்ச மனுசன்! பிறகு ஆர் அவரைக் கெஞ்சினது, சிகரெட்டைப் பத்தும் பத்தும் எண்டு? கொம்பனி முதலாளியோ?

— நான்தான்யா. இன்னும் முப்பது பெட்டிதான் கொறையுது, ஃபிளாஸ்க்கு வந்ததும் விட்டுருங்கன்னு, நானே கடைக்குப் போய் வாங்கியாந்து அவரு கையில குடுத்தேன்.