கைல இருக்கா?

நேரம் மத்தியானம் மூன்று மணி.

சிரிக்க வேண்டாம். பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் கிளம்ப வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா? அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். கதவோரம் இருப்பவர்கள் உள்ளே தள்ளி உட்காருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மூன்று மணி... ஆளில்லாத ஒரு பாதை. பூமிக்கு அடியில். பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் கீழே வளைந்து வளைந்து போகும் சுரங்கப்பாதை. அங்கே வெயிலும் கிடையாது, இருட்டும் கிடையாது. ஒரு குழல்விளக்கு எரிந்தால் அடுத்தது கண் சிமிட்டும். இரண்டு சுவரிலும் தட்டுத் தட்டாகக் கேபிள்கள். சூடேறிய ரப்பர் வாசனை, ஈரச் சிமெண்டு வாசனை. காதுக்குள் விடாமல் ஒரு 'ம்ம்ம்'. அந்தப் பாதையில் என் நண்பனின் அண்ணி தனியாக நடந்துகொண்டிருந்தார்.

கட்டுக்கதை இல்லை. அண்ணி தன் கொழுந்தனிடம் சொன்னார், அவன் என்னிடம் சொன்னான். கண், காது, மூக்கு எதுவும் வைக்காமல் நான் அப்படியே சொல்கிறேன்.

அண்ணிக்கு அங்கே கேபிள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நிலையம் முழுக்க லட்சக்கணக்கில் கேபிள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், எண் எழுதிய ஒரு பட்டை. எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது, மின்சாரம் ஓடுகிறதா, கழற்றிப் போட்டாயிற்றா... எல்லாம் அண்ணியின் திரையில் தெரியும். பெரிய பெரிய விஞ்ஞானிகள்கூட அவரைக் கேட்காமல் ஒரு ஒயரைத் தொட மாட்டார்கள். "எங்க அண்ணிக்கு வீட்டுச் சாவி எங்க வெச்சோம்னு தெரியாது, ஆனா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கேபிள் நம்பர் சொல்லுவாங்க" என்று நண்பன் கிண்டல் செய்வான். அண்ணிக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

பழைய கேபிளை வெட்டி எடுப்பதென்றால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிறவர் இந்த முனையில் நிற்பார். அண்ணி சுரங்கத்தின் மறுமுனைக்கு நடந்துபோய், பட்டையில் எண்ணைப் பார்த்து, கழன்று கிடக்கும் நுனியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே மொபைல் எடுக்காது, சுவரில் மாட்டிய போன்தான். "கைல இருக்கா?" என்று இந்த முனை கேட்கும். "கைல இருக்கு" என்று அந்த முனை சொல்லும். அதற்குப் பிறகுதான் கேபிளில் கத்தி விழும். இயக்குநரே வந்து நின்று "வெட்டு" என்றாலும் வெட்ட மாட்டார்கள்.

வெட்டுகிறவருக்கு ஓணான் என்று பட்டப்பெயர். தட்டுகளில் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்வார். மெலிந்த ஆள், நிதானமான ஆள். அவசரம் என்ற வார்த்தை அவர் அகராதியிலேயே கிடையாது. "அட, சீக்கிரம் முடிங்கப்பா" என்று யாராவது விரட்டினால், "ஏன், கேபிளுக்குக் கால் மொளச்சு ஓடிடுமா?" என்பார்.

அன்றைக்கு ஒரு பழைய கேபிள். இரண்டு முனையும் கழற்றியாயிற்று என்று திரை சொன்னது. அண்ணிக்கு முட்டி வலி. சுரங்கத்தைத் தாண்டி நடந்துபோய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அப்போதுதான் டீ வேறு வந்திருந்தது. போகிற மாதிரி போக்குக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து... தன் மேசை போனிலிருந்தே கூப்பிட்டார்.

"கைல இருக்காம்மா?" என்றார் ஓணான்.

"கைல இருக்கு" என்றார் அண்ணி. கையில் இருந்தது டீ கப்.

மறுமுனை அறையில் யாரோ ஒரு விஞ்ஞானி, பம்ப் ஓட்டுவதற்காக, யாரிடமும் சொல்லாமல் அந்தக் கேபிளில் மின்சாரம் கொடுத்திருந்தார். தோல் தடித்த கேபிள் அது. மேலே டெஸ்டர் வைத்தாலும் ஒன்றும் காட்டாது. அண்ணியின் வார்த்தையை நம்பி ஓணான் வெட்டினார். போனில் 'பட்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அலறல்கூட இல்லை... அப்புறம் 'ம்ம்ம்'.

விசாரணை நடந்தது. அண்ணியைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் போனாராம். ஆனால் எதிரே நான்கு பேர், தண்ணீர் பாட்டில், ஓடிக்கொண்டிருக்கிற ரெக்கார்டர். "நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள அவசரப்பட்டு வெட்டிட்டார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. செத்தவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார்? பழியை அப்படியே ஓணான் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதோடு விட்டதா? புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற பொறுப்பும் அண்ணியிடமே வந்து சேர்ந்தது. திரையில் ஓணானின் போட்டோ. கீழே ஒரே வார்த்தை, 'அவசரம்'. "இவரை மாதிரி செய்யாதீங்க" என்று அண்ணி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும். ஒரு நாள் இரண்டாவது வரிசையில் மெலிந்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே முகவெட்டு. ஓணானின் தம்பி. அண்ணன் பார்த்த வேலைக்கே வந்திருந்தார். போட்டோ வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பு முடிந்ததும் அண்ணியிடம் வந்தார்.

"எங்க அண்ணனால உங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சிருங்கக்கா" என்றார்.

அண்ணி பாத்ரூமுக்குப் போய் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டு நின்றாராம். 'நாலு பேர் முன்னால செருப்பால அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு கூசியிருக்காது' என்று பிற்பாடு கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்போடு நின்றால் நான் ஏன் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன். அந்த வாரத்திலிருந்து மேசை போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். சுரங்கத்து 'ம்ம்ம்' மட்டும் கேட்கும். பிறகு மெதுவாக, கோபமே இல்லாத ஒரு குரல்.

"கைல இருக்கா?"

அண்ணி வைத்துவிடுவார். நாற்காலியைச் சுற்றிக் கருகிய ரப்பர் நாற்றம் அடிக்கும். பக்கத்து மேசைக்காரர்களுக்கு எந்த நாற்றமும் தெரியாது. வீட்டில் புருஷன் பால் பாக்கெட்டை நீட்டி "இந்தா, கைல பிடி" என்றால்கூட தூக்கிவாரிப் போடும். "என்ன அண்ணி, பால் பாக்கெட்டுக்குக்கூட ஷாக் அடிக்குதா?" என்று நண்பன் கேலி செய்தான். பாவி, விஷயம் தெரியாமல்.

இப்போது அந்த மூன்று மணிக்கு வருகிறேன். அதே தட்டில் இன்னொரு கேபிளை எடுக்க வேண்டும். வெட்டப்போவது தம்பி. "வேற யாராவதுன்னா நான் ரெண்டு தடவ கேப்பேன். நீங்க சொன்னா எனக்கு ஒரு தடவ போதும்க்கா" என்றார். அண்ணி கிளம்பினார். இந்தத் தடவை உண்மையிலேயே நடந்து போனார்.

மறுமுனை அறை. சின்ன அறைதான். கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. எண்ணைத் தேடிப் பிடித்தார். நுனி கழன்றுதான் கிடந்தது. கையில் எடுத்தார்... வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கீழே வைத்த மாதிரி.

சுவர் போன் அடித்தது.

"கைல இருக்கா?"

"கைல இருக்கு."

வழக்கமாக இதோடு முடிந்துவிடும். போன் வைக்கப்படவில்லை. 'ம்ம்ம்'... பிறகு அதே நிதானத்தில், "அன்னிக்கு?"

தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் அண்ணி நினைத்தார். இத்தனை மாதம் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் உடைந்துகொண்டு வந்தது.

"இல்ல. அன்னிக்கு நான் வரவே இல்ல. சீட்ல உக்காந்துகிட்டுச் சொன்னேன். என் வார்த்தைய நம்பித்தான் வெட்டினார். உங்க அண்ணன் அவசரப்படவே இல்ல. விசாரணையில நான் பொய் சொல்லிட்டேன்..."

அழுது தீர்த்தார். மறுபக்கம் 'டக்' என்று போன் வைக்கும் சத்தம் கேட்டது.

இனி ஒளிந்து என்ன பயன்? அந்த மனிதர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது, இயக்குநரிடமும் போய்ச் சொல்வது, வேலை போனால் போகட்டும். அப்படி முடிவு செய்துகொண்டுதான் திரும்பி நடந்தார். நடக்க நடக்க நெஞ்சில் பாரம் இறங்கியது மாதிரிகூட இருந்ததாம்.

தம்பி கட்டரைத் துடைத்தபடி நின்றிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னக்கா, நீங்களே வந்துட்டீங்க? நானும் எத்தன தடவதான் போன் போடறது, லைனே கெடைக்கல. கைல இருந்துச்சா?"

அண்ணி அவர் கண்ணைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அவர் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் அண்ணிக்குப் பயம் வரவில்லை. பேசியது யார் என்று யோசிக்கக்கூட இல்லை. வந்தது நிம்மதி. 'அப்பாடா, இவருக்குத் தெரியாது' என்ற நிம்மதி. அந்தக் குரலை நினைத்தால்கூடப் பயமில்லை, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் தன்னைத்தானே பார்க்கச் சகிக்கவில்லை என்றார் கொழுந்தனிடம்.

"இருந்துச்சு. நான் பாத்துட்டேன். வெட்டுங்க" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான்க்கா."

தம்பி கட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தார். தலைக்கு மேலே சுவர் போன் அடித்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மறுமுனையில் இப்போது ஆளே இல்லை. தம்பி நிமிர்ந்து போனை எடுத்துக் காதில் வைத்தார். "கைல..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். கேட்டுக்கொண்டே மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் வாய் மூடித்தான் இருந்தது.

"அக்கா... இதுல நீங்கதான் பேசறீங்க. அழுதுகிட்டே பேசறீங்க."

அண்ணி கையை நீட்டினார். தம்பி போனைக் கொடுக்கவில்லை. காதில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, கடைசி வரை கேட்டார்.